அல்ஜியர்ஸுக்குப் போகாத கப்பல்

சைலஸ் ஹார்ன் நாட்டு விடுதலைக்காகச் சண்டை போட்டவன். விடுதலை கிடைத்தது. அதனால்தான் அவன் அடிமையானான். இதில் முரண்பாடு எதுவும் இல்லை என்று பிற்பாடு பல மாண்புமிகுக்கள் அவன் மனைவி ரோடாவுக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னார்கள்.

விஷயம் இதுதான். இங்கிலாந்து ராஜாவுக்குக் குடிகளாக இருந்த காலத்தில் பிலடெல்ஃபியாவிலிருந்து புறப்படும் கப்பல்களில் ராஜாவின் முத்திரை குத்திய ஒரு சீட்டு இருக்கும். ஸ்பெயின் பக்கம் போகும்போது வட ஆப்பிரிக்கக் கரையிலுள்ள அல்ஜியர்ஸ் கடற்கொள்ளையர் மறித்தால் அதைக் காட்டினால் போதும். ராஜா கப்பம் கட்டியிருக்கிறார், போங்கள் என்று விட்டுவிடுவார்கள். பிறகு புரட்சி வந்தது. ராஜாவின் ஈயச் சிலையைக் கயிறு கட்டி இழுத்துப் போட்டு உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்தார்கள். சீட்டும் போயிற்று. அந்த உற்சாகத்தில் சீட்டைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

சைலஸும் யோசிக்கவில்லை. போரில் இங்கிலாந்துக்காரன் கையில் பிடிபட்டு, நியூயார்க் கடலோரம் நங்கூரம் போட்டிருந்த சிறைக் கப்பலில் கிடந்து, தோலும் எலும்புமாகத் திரும்பி வந்தவன் அவன். ரோடா கஞ்சியும் மீன்சாறும் ஊட்டி அவனை மறுபடி மனிதனாக்கினாள். சமாதானம் அறிவிக்கப்பட்ட அன்று பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே அவன் சொன்னான்:

"இனிமே எவன் சீட்டும் நமக்கு வேண்டாம் ரோடா. நம்ம கொடி ஒண்ணு போதும்."

அந்தக் கொடியைக் கட்டிக்கொண்டு 'மூன்று சகோதரிகள்' என்ற கப்பல் கோதுமை மாவும் கருவாடும் ஏற்றிக் கிளம்பியது. சைலஸ் அதில் மாலுமி. போர்ச்சுகல் கரைக்கு அருகே அல்ஜியர்ஸ்காரர்கள் மறித்தார்கள். கப்பல் தலைவர் பெருமையோடு கொடியைக் காட்டினார். அவர்கள் அந்தக் கொடியை அதுவரை பார்த்ததே இல்லையாம். அழகாக இருக்கிறது என்று பாராட்டி, கப்பலையும் ஆட்களையும் எடுத்துக்கொண்டதோடு அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

டெலவேர் ஆற்றங்கரையில் மாலுமிகள் குடியிருக்கும் சந்தில் ரோடா சலவைக்காரியாக இருந்தாள். சைலஸின் கடிதம் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தபோது அவள் கை சோப்பு நுரையாக இருந்தது. மலையில் கல் வெட்டித் துறைமுகத்துக்குச் சுமப்பதாக எழுதியிருந்தான். காலில் சங்கிலி. கறுப்பு ரொட்டி, கொஞ்சம் காடி. கடைசியில் ஒரு வரி: 'மகாசபையிடம் போய்ச் சொல். அவர்களுக்குத் தெரிந்தால் சும்மா இருக்கமாட்டார்கள்.'

அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒன்றுபட்ட மாகாணங்களின் மகாசபை அப்போது நியூயார்க்கில் இருந்தது. முன்பு பிலடெல்ஃபியாவில்தான் இருந்தது. ஒரு நாள் அதன் சொந்தச் சிப்பாய்களே சம்பளம் கேட்டு வாசலில் வந்து நிற்க, மகாசபை பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. அதன்பின் வாடகை வீடு தேடும் குடும்பம் மாதிரி ஊர் ஊராக அலைந்து, கடைசியில் நியூயார்க் நகரமன்றத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. ரோடா சலவைப் பாத்திரங்களைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் படகிலும் வண்டியிலுமாக அங்கே போய்ச் சேர்ந்தாள்.

வாசலில் அப்டைக் என்ற டச்சுக்காரக் காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கித் தின்றுகொண்டிருந்தார்.

"மகாசபை இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"உள்ள போகலாமா?"

"போகலாம். ஆனா உள்ள யாரும் இல்ல."

"இப்பத்தான் இருக்குன்னு சொன்னீங்க."

"மகாசபை வேற, ஆளுங்க வேற அம்மா. மகாசபை எப்பவும் இருக்கும். ஆளுங்கதான் வரமாட்டேங்குறாங்க." கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டார். "ஏழு மாகாணம் வந்தாத்தான் சபை கூடும். இப்ப அஞ்சு வந்திருக்கு. ஆறாவது மாகாணத்துலேர்ந்து ஒரு ஐயா வந்திருக்காரு. ஆனா ஒத்த ஆளா வந்தா அது மாகாணம் இல்ல. ரெண்டு பேரா வரணும்."

"அப்ப அந்த ஐயா யாரு?"

"அவரு சும்மா வந்தவரு. தினம் வருவாரு, உட்காருவாரு, போயிடுவாரு. நல்ல மனுஷன்."

ரோடா துறைமுகத்துக்கு அருகே ஒரு விடுதியில் பாத்திரம் கழுவிக்கொடுத்துத் தங்கிக்கொண்டாள். ஏழாவது மாகாணம் வந்த அன்றே, முதலில் வந்திருந்த மாகாணத்தின் உறுப்பினர் வைக்கோல் அறுப்புக்கு ஊருக்குப் போய்விட்டார். அவர் திரும்பியபோது இன்னொருவருக்குக் கீல்வாதம். அவர் படுத்திருந்த அறைக்கே போய் எல்லோரும் உட்கார்ந்தால் சபை கூடியதாகக் கணக்காகுமா என்று ஒரு நாள் முழுக்க விவாதித்தார்கள். அந்த விவாதம் செல்லாது என்றும் கடைசியில் தெரிந்தது, விவாதித்தவர்கள் போதுமான எண்ணிக்கையில் இல்லாததால்.

ஒருவழியாகச் சபை கூடியது. ரோடாவின் மனுவை மாண்புமிகு ப்ளைத் என்பவர் வாங்கிப் படித்தார். கண்ணியமான மனிதர். அவளுக்கு நாற்காலி காட்டினார்.

"உங்க கணவர் எந்த மாகாணம்?"

"பென்சில்வேனியா ஐயா."

"அப்ப பென்சில்வேனியாவக் கேளுங்களேன்."

"கேட்டேன் ஐயா. வெளிநாட்டு விவகாரம் மகாசபையோடதுன்னு அனுப்பிட்டாங்க."

"ரொம்பச் சரியாச் சொல்லியிருக்காங்க. வெளிநாட்டு விவகாரம் முழுக்க எங்க கையிலதான் இருக்கு. பணமும் கப்பலும் மட்டும்தான் இல்ல." அவர் சொன்னதில் அவருக்கே ஒரு நிறைவு தெரிந்தது. "பாருங்கம்மா, இது ராஜா ஆட்சி இல்ல. நாங்க யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. மாகாணங்களக் கேக்கலாம். அவங்க இல்லைன்னு சொல்லலாம். அதுக்குப் பேர்தான் சுதந்திரம். அதுக்காகத்தான உங்க கணவரும் சண்டை போட்டாரு?"

"அவர மீட்க எத்தனை மாகாணம் ஒத்துக்கணும்?"

"பணம்னு வந்துட்டா ஒன்பது."

"இப்ப ஏழுதான இருக்கு."

"ஏழ வச்சுக்கிட்டு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கலாம்" என்றார் ப்ளைத். "அதுக்கு ஏழு போதும்."

தெரிவித்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அப்டைக் அதன் நகல் ஒன்றை வாங்கி மடித்து அவளிடம் கொடுத்தார்.

அடுத்த கோடையில், இந்த மகாசபை எதற்கும் உதவாது என்பது பெரியவர்களுக்கே தெரிந்துபோய், புது அரசு ஒன்றை உண்டாக்குவதற்காகப் பன்னிரண்டு மாகாணத்துக் கனவான்கள் பிலடெல்ஃபியாவில் வந்து கூடினார்கள். மக்களுக்கான அரசை உண்டாக்கும் வேலை என்பதால் மக்கள் காதில் விழக்கூடாது என்று முடிவாயிற்று. புழுங்கி எடுத்த வெயிலில் மாளிகையின் சன்னல்களை இறுக்கிச் சாத்தினார்கள். வாசலில் துப்பாக்கியோடு ஆள் நின்றான். வண்டிச் சத்தம் தொந்தரவு செய்யாதிருக்கத் தெருவில் மண்ணைக் கொட்டி மெத்தை மாதிரி பரப்பினார்கள். மீன் விற்கிறவர்களும் மிளகுச்சாறு விற்கிறவர்களும் கூவக்கூடாது என்றார்கள். அவர்கள் அந்தப் பக்கம் வரும்போது வாயைத் திறக்காமல் கூடையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள்.

ஊர் திரும்பிய ரோடா சலவை செய்த விடுதியில் தெற்கு மாகாணத்து மாண்புமிகு பார்க்ஸ்டேல் தங்கியிருந்தார். ஒரு நாளைக்கு மூன்று சட்டை நனைத்தார்; அவ்வளவு வியர்வையிலும் உழைத்தார் என்பதற்கு அவளே சாட்சி. அவருடைய பணியாள் கேட்டோ துணி மூட்டையைக் கீழே கொண்டுவந்து கொடுப்பான். ஐம்பது வயதிருக்கும். அவனும் அவரோடு தெற்கிலிருந்து வந்தவன். அவருடைய குதிரையும் கடிகாரமும் எப்படியோ அப்படி அவருக்குச் சொந்தமானவன்.

ஒரு நாள் சட்டைகளை அவளே மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள். விஷயத்தைச் சொன்னாள். பார்க்ஸ்டேல் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

"ஐயா, உள்ள அல்ஜியர்ஸ் பத்திப் பேசுறீங்களா?"

"உள்ள என்ன பேசுறோம்னு சொல்ல மாட்டோம்னு சத்தியம் பண்ணியிருக்கோம் அம்மா."

"பேசலைன்னாவது சொல்லலாமா?"

"பேசலைங்கறதும் உள்ள நடக்குற விஷயம்தான." இதைச் சொல்லிவிட்டு எழுந்து சாத்தியிருந்த சன்னல் அருகே போய் நின்றார். அவர் கண்ணில் நீர் நின்றதை ரோடா பார்த்தாள். அது நடிப்பு இல்லை. "காலுல சங்கிலி போட்டுக் கல்லு சுமக்க வைக்கிறானா? பொண்டாட்டி ஒரு கண்டத்துல, புருஷன் ஒரு கண்டத்துல. மனுஷன மனுஷன் விலைக்கு வாங்கிக் கட்டி வச்சு வேலை வாங்குறது... எந்தக் கடவுள் இதப் பொறுப்பாரு? நாகரிகம் தெரியாத பசங்க. கேட்டோ, அம்மாவுக்கு ஒரு டம்ளர் ஆப்பிள் சைடர் கொண்டா. நில்லு, முதல்ல என் செருப்பக் கழட்டு."

கேட்டோ குனிந்து செருப்பைக் கழற்றினான்.

ரோடா வெறும் கூடையோடு படி இறங்கினாள். கேட்டோ சைடரைக் கீழே சமையல்கட்டில் கொடுத்தான். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றான்.

"உங்க வீட்டுக்காரருக்கு அங்க கடுதாசி எழுத விடுறாங்களா?" என்று கேட்டான்.

"விடுறாங்க. நாலு வந்திருக்கு."

"பரவால்ல. நல்ல எஜமானுங்கதான்."

ரோடா டம்ளரை வைத்தாள். "உனக்கு யாரு இருக்கா கேட்டோ?"

"பொண்டாட்டி இருந்தா. வித்துட்டாங்க. ஜார்ஜியா பக்கம்னு கேள்வி. அவளுக்கு எழுதத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் ஆகாது, சட்டம்." டம்ளரை எடுத்துத் தண்ணீரில் முக்கினான். "உங்களுக்குப் போய்ச் சொல்றதுக்கு ஒரு சபை இருக்கு. அது நல்லதுதான். போய்ச் சொல்லுங்க."

நீங்கள் ஏன் மனு கொடுக்கக்கூடாது என்ற கேள்வி ரோடாவின் நாக்கு நுனி வரை வந்தது. யாரிடம் என்று தோன்றியதும் விழுங்கிவிட்டாள். 'நீங்கள்' என்று வந்ததை வீட்டுக்கு நடக்கும்போதுதான் கவனித்தாள். அன்றைக்குப் பார்க்ஸ்டேலின் கண்ணீரை நினைத்து அழலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தாள். அழுகை வரவில்லை.

இலையுதிர் காலத்தில் சன்னல்கள் திறந்தன. புது அரசியல் சட்டம் அச்சாகி வெளியே வந்தது. 'நாம், மக்கள்' என்று ஆரம்பித்தது. ரோடா எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள். முழுவதையும் படித்தாள். வரி போடலாம், கடற்படை கட்டலாம், அந்நிய நாட்டோடு ஒப்பந்தம் செய்யலாம் என்றெல்லாம் கண்டிருந்தது. உண்மையாகவே அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று. ஒரு இடம் மட்டும் புரியவில்லை. ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பார்க்ஸ்டேலிடமே கேட்டாள்.

"மாகாணத்துக்கு எத்தனை உறுப்பினருன்னு தலைய எண்ணுற எடத்துல, சுதந்திரமான ஆளுங்களக் கூட்டிக்கிட்டு 'மற்றவர்களில் ஐந்தில் மூன்று பங்கு'ன்னு போட்டிருக்கே ஐயா. யாரு அது?"

"அது நம்ம கேட்டோ மாதிரி ஆளுங்க" என்றார் பெட்டியைப் பூட்டிக்கொண்டே. "பாருங்க, அவங்களையும் நாங்க விட்டுடல."

"மிச்சம் ரெண்டு பங்கு?"

"அது வடக்குக்காரங்களுக்கு விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுக்காம ஒரு நாட்ட நடத்த முடியுமா? நாங்க எவ்வளவு தியாகம் பண்ணியிருக்கோம்னு வெளிய தெரியாதும்மா. இனிமே கவலைய விடுங்க. இந்த அரசு வந்துட்டா அல்ஜியர்ஸ் நடுங்கும்."

"எப்ப வரும் ஐயா?"

"மாகாணங்க ஒத்துக்கிட்டதும் வந்துடும். ஒன்பது ஒத்துக்கிட்டாப் போதும்."

"இதுக்கும் ஒன்பதுதானா" என்றாள் ரோடா.

கேட்டோ பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனான். அவனை அதன்பின் அவள் பார்க்கவில்லை.

ஒன்பது மாகாணங்கள் ஒத்துக்கொள்ள அடுத்த கோடைக்காலம் ஆயிற்று. பிலடெல்ஃபியாவுக்கு வெறி பிடித்தது போலாகிவிட்டது. சுதந்திர தினத்தன்று பெரிய ஊர்வலம் என்றார்கள். அதற்கென்று ஒரு குழு அமைத்தார்கள். குழுத் தலைவர் கிம்பர் ஒரு மாவு வியாபாரி. பழைய மகாசபையில் ஒன்பது மாகாணங்களைத் திரட்ட முடியாமல் போனது போன்ற தடை எதுவும் இந்த ஊர்வலத்துக்கு இருக்கவில்லை. கேட்ட பணம் வந்தது, கேட்ட மரம் வந்தது. அசல் கப்பல் ஒன்றைக் கட்டினார்கள். பாய்மரம், பீரங்கி, நங்கூரம், எல்லாம் அசல். அதைச் சக்கர வண்டியில் ஏற்றித் தெருவில் இழுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. சக்கரம் தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்று கப்பலைச் சுற்றிலும் கித்தான் துணியில் கடல் தொங்கவிட வேண்டியிருந்தது.

கிம்பர் ரோடாவைத் தேடி வந்தார்.

"நீங்கதான் தைக்கணும் மிசஸ் ஹார்ன். மாலுமியோட மனைவி கையால தச்ச கடல்னு நாளைக்குப் பத்திரிகையில போடலாம். உணர்ச்சியா இருக்கும்."

"இந்தக் கப்பலு தண்ணியில போகுமா ஐயா?"

"தாராளமாப் போகும். சின்ன ஓட்டை கூடக் கிடையாது."

"ஊர்வலம் முடிஞ்சதும் கடலுக்கு அனுப்புவீங்களா?"

"எதுக்கு?" என்றார் கிம்பர். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "இது ஒற்றுமைக்கான சின்னம் இல்லையா? சின்னத்தத் தண்ணியில போட்டா நனைஞ்சிடும்."

ரோடா கடலைத் தைத்தாள். கிடைத்த கூலியில் மாவு வாங்கினாள். சைலஸுக்கு அனுப்ப ஒரு கம்பளி உடுப்பும் எடுத்தாள். கித்தானில் நீலமும் பச்சையுமாக அலை வரைந்து நுரைக்கு வெள்ளை பூசினார்கள்.

ஊர்வலத்தன்று ஊரே தெருவில் நின்றது. கருமான்கள் வண்டியிலேயே உலை வைத்துக் கலப்பைக்கொழு அடித்தார்கள். ரொட்டிக்காரர்கள் ரொட்டி சுட்டு வீசினார்கள். நடுவே பத்துக் குதிரைகள் இழுக்கக் கப்பல் வந்தது. சந்திப்புக்குச் சந்திப்பு நின்றது. மாலுமி வேஷம் போட்ட ஒருவர் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டுத் தெருவின் ஆழம் பார்த்தார். "ஆறு பாகம்! நல்ல ஆழம்!" என்று கத்தினார். குண்டு குதிரைச் சாணத்தில் விழுந்தது. மேல்தட்டில் கிம்பர் கப்பல் தலைவர் உடுப்பில், கூவிக் கட்டளையிடும் குழலைப் பிடித்து நின்றார்.

ரோடா கூட்டத்தைப் பிளந்துகொண்டு கித்தான் கடலருகே போய் நின்றாள். அவளுக்கு அப்போது என்ன தோன்றியது என்று அவளுக்கே பிறகு விளங்கவில்லை. அண்ணாந்து கேட்டாள்:

"கப்பலு எங்க போகுது ஐயா?"

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

கிம்பர் குழலை வாயில் வைத்தார். "வளமைக்குப் போகிறது தாயே!"

"அல்ஜியர்ஸ் வழியாப் போவீங்களா? அங்க எம்புருஷன் இருக்காரு."

 கிம்பர் சபைகளில் பழகியவர். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "இந்தத் தாயின் கண்ணீர்தான் எங்கள் பாய்மரத்துக்குக் காற்று!" என்றார். பீரங்கி வெடித்தது. ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். குதிரைகள் இழுத்தன. அவள் தைத்த கடல் அவள் முழங்காலை உரசிக்கொண்டு போயிற்று. நாட்டுப்பற்று மிக்க மாதரசி ஒருவர் கப்பலை வாழ்த்தி வழியனுப்பினார் என்று மறுநாள் பத்திரிகையில் வந்திருந்தது. பெயர் போடவில்லை.

புது அரசு நியூயார்க்கில் கூட வேண்டிய நாள் வந்தது. ரோடா மறுபடி போனாள். அப்டைக் புதுச் சீருடையில் இருந்தார்.

"சபை கூடிச்சா?"

"ஆளு பத்தல" என்றார். "ஆனா இந்தத் தடவை அரசியல் சட்டப்படி பத்தல."

ஆள் சேர்ந்தபின் மேல்சபையில் முதல் பெரிய விவாதம் தொடங்கியது. நாட்டுத் தலைவரை எப்படி அழைப்பது? வெறும் தலைவர் என்றால் வெளிநாட்டு மன்னர்கள் சிரிப்பார்கள் என்றார் ஒருவர். தீயணைப்புச் சங்கத்துக்குக்கூடத் தலைவர் இருக்கிறாரே என்றார் இன்னொருவர். மேன்மை, மகாமேன்மை, மாட்சிமை என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். வாரக்கணக்கில் போயிற்று. வாசலில் காத்திருந்த ரோடாவுக்கு எல்லாப் பட்டமும் மனப்பாடமாயிற்று. பிறகு ஒன்றும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

அவளுடைய மனு ஒரு குழுவுக்குப் போயிற்று. குழுத் தலைவர் மாண்புமிகு ப்ளைத். அதே ப்ளைத்தான். புதுத் தேர்தலிலும் ஜெயித்திருந்தார்.

"பழைய மகாசபையிலயா குடுத்தீங்க?" என்று வருத்தப்பட்டார். "அது கையாலாகாத சபைம்மா. அங்க என்ன நடக்கும்? நான் அப்பவே சொன்னேன்."

"அப்ப நீங்கதான் ஐயா..."

"அதான் சொல்றேன், எனக்குத் தெரியும்." மனுவைப் புரட்டினார். "இதுல ஒரு சிக்கல் இருக்கு. உங்க கணவரப் பிடிச்சப்ப இந்த அரசு பிறக்கல. சரிதான? அப்ப அவரு இந்த அரசோட குடிமகன் இல்ல. பழைய அரசோட குடிமகன். அந்த அரசு இப்ப இல்ல. இல்லாத அரசோட குடிமகனுக்காக இருக்குற அரசு எப்படிப் பேசுறது? அந்நிய நாட்டுக்காரன் கேக்க மாட்டானா?"

"அவரு அங்க கல்லு சுமக்குறாரு ஐயா. அத எந்த அரசோட குடிமகன் சுமக்குறாரு?"

ப்ளைத் மெச்சுதலோடு அவளைப் பார்த்தார். "நல்ல கேள்வி. ஆழமான கேள்வி. அவரு நேர்ல வந்து இந்த அரசுக்கு விசுவாசமா இருக்கேன்னு ஒரு உறுதிமொழி எடுத்துக்கிட்டா எல்லாம் தீர்ந்துபோயிடும்."

"நேர்லயா?"

"நேர்லதான்."

ரோடா அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கேலி இருக்கிறதா என்று தேடினாள். இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் ஊர் திரும்பியபின் ஒரு ஸ்பெயின் கப்பல் வந்தது. அதில் வந்த மாலுமி ஒருவன், சைலஸோடு பிடிபட்ட கப்பல் தலைவர் சொல்லி அனுப்பியதாக அவள் வீடு தேடி வந்தான். கோடையில் அல்ஜியர்ஸில் கொள்ளைநோய் வந்ததாம். கல் சுமப்பவர்களின் கொட்டடியில் முதலில் வந்ததாம். சைலஸ் இரண்டு நாள் தாங்கினான். கோட்டைச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். அவள் அனுப்பிய கம்பளி உடுப்பு வந்து சேர்ந்ததா என்று மட்டும் ரோடா கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. அவள் அவனுக்கு ரொட்டியும் சாறும் கொடுத்து அனுப்பினாள். பிறகு துணி ஊற வைத்த தொட்டிக்குப் போய், ஊற வைத்திருந்த யாருடைய சட்டையோ ஒன்றைக் கிழியும்வரை அடித்துத் துவைத்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் அரசு பிலடெல்ஃபியாவுக்கே குடிவந்தது. இந்தத் தடவை அவள் படகு ஏறத் தேவையில்லை. நாலு தெரு நடந்தால் போதும். கீழ்சபையில் பொதுஜனங்கள் உட்கார்ந்து கேட்க மாடம் ஒன்று கட்டியிருந்தார்கள். கைதிகள் விஷயமாக அன்று அறிக்கை வாசிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ரோடா போய் உட்கார்ந்தாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை. உள்ளே கணப்பு எரிந்து கதகதப்பாக இருந்தது. பக்கத்தில் செருப்புத் தைப்பவர்கள், கூலிக்காரர்கள், சந்தைக்கு வந்த பெண்கள்.

மாண்புமிகு ப்ளைத் எழுந்தார். கைதிகள்பால் இந்த அரசு கொண்டுள்ள அக்கறையைப் பற்றி விரிவாகச் சொன்னார். பழைய அரசின் கையாலாகாத்தனத்தைக் கண்டித்தார். கூட்டம் கை தட்டியது. பிறகு தாளைத் திருப்பினார்.

"கூடுதலான ஒரு நற்செய்தியையும் சபைக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். முந்தைய அரசின் காலத்தில் அல்ஜியர்ஸில் இருந்த நம் கைதிகளின் எண்ணிக்கை, இந்த அரசு பொறுப்பேற்றபின் கணிசமாகக் குறைந்திருக்கிறது. ஒரு காசு செலவில்லாமல் இதைச் சாதித்திருக்கிறோம். இதே வேகத்தில் போனால் சில ஆண்டுகளில் அங்கே நம்மவர் ஒருவர்கூட இருக்கமாட்டார் என்று குழு உறுதியாக நம்புகிறது."

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். மாடத்திலும் கை தட்டினார்கள்.

"செத்துட்டாங்க" என்றாள் ரோடா.

அவள் கத்தவில்லை. ஆனால் கைத்தட்டல் ஓய்ந்த நேரம் பார்த்து அது விழுந்தது. சபை நடத்துகிறவர் தலையைத் தூக்கினார்.

"யாரு பேசினது?"

வாசல்காவலர் மாடத்தை ஏறிட்டுப் பார்த்தார். யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

"மக்கள், ஐயா."

"மக்கள வெளிய அனுப்பு. கதவச் சாத்து. மேல வாசிங்க மிஸ்டர் ப்ளைத்."

எல்லோரையும் இறக்கி வெளியே விட்டார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கதவு பின்னால் சாத்திக்கொண்டது. கையைத் தேய்த்துக்கொண்டு நின்ற செருப்புத் தைப்பவர் ஒருவர் ரோடாவைப் பார்த்துக் கடிந்துகொண்டார்.

"ஏம்மா, உன்னாலதான் எங்களையும் சேத்துத் தள்ளிட்டாங்க. வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கக்கூடாதா?"

"உள்ள இருந்து என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள் ரோடா.

அவர் யோசித்தார். கேட்டது நியாயமான கேள்வி என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு, உண்மையைத்தான் சொன்னார்.

"கை தட்டிக்கிட்டிருந்தோம்."